ஒரு வருஷம் மட்டும்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் அம்மாவுடையது, அதில் எனக்குப் பங்கு கிடையாது. மற்ற நாளில் கூப்பிடலாம் என்றால், இந்த ஒன்றரை அறை வீட்டில் எந்த மூலைக்குப் போய்ப் பேசுவது? பக்கவாதம் அம்மாவின் இடது பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. காதையும் நாக்கையும் தொடவே இல்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாலும், வெளியே வந்ததும் நான் பேசியதை எனக்கே திருப்பி ஒப்பிக்கிறாள். அதனால் இனி நமக்குள் உள்ளதெல்லாம் கடிதத்தில்தான்.

பாஸ் செய்துவிட்டேன். அதைவிடப் பெரிய செய்தி, லிஃப்ட் பழுதுபார்க்கும் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது! நானூறு பேர் கேட்டிருந்தார்களாம், எடுத்தது பன்னிரண்டு பேர். பன்னிரண்டில் பெண் நான் ஒருத்திதான். அந்த விண்ணப்பத்தைத் தபாலில் போட்டது உன் கை. ஏழாம் வகுப்பில் உதவித்தொகை படிவத்தை நானே தபால்தலை ஒட்டாமல் போட்டு, அது திரும்பி வந்து, வீடே என்னைத் திட்டியது ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து இந்த வீட்டில் சர்க்கார் காகிதம், பள்ளிக் காகிதம் எதுவானாலும் உன் கையால்தான் போக வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டாள். சட்டம் சரிதான் போலிருக்கிறது. உன் கைராசியே ராசி.

இடம் கிடைத்தால் அம்மாவுக்காக ஒரு வருஷம் ஒத்திவை என்று சொல்லியிருந்தாயே, அப்படியே எழுதிக் கேட்டேன். சரி என்று பதில் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவைதான் ஒத்திவைப்பார்களாம். வருகிற ஏப்ரல் முப்பதுக்குள் உறுதிப் படிவத்தை நேரில் கொடுக்க வேண்டும். நான் வரலாம், அல்லது ரத்த உறவுள்ள ஒருவர் வரலாம். பயிற்சி நிலையம் உன் ஆஸ்பத்திரியிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பார்த்தாயா, எல்லாம் தானாகவே கூடி வருகிறது.

பள்ளியை விட்டுப் போகும்போது எல்லோருக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். பள்ளி முடித்தவர்கள் அடுத்து என்னென்ன செய்யலாம் என்று நூற்றுப் பத்துப் பக்கம். கல்லூரி, தொழிற்பயிற்சி, தபால் வழிப் படிப்பு எல்லாம் இருக்கிறது. ஐந்தாவது பாடம் 'இடைவெளி ஆண்டு'. முதுகுப் பையோடு ஒருத்தி மலை உச்சியில் நின்று சிரிக்கிற படம். "இந்த ஓராண்டில் நீ கற்ற திறன்களை ஒரு நோட்டில் குறித்து வை" என்று கீழே போட்டிருக்கிறது. நானும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் வரி: படுத்திருப்பவரை எழுப்பாமல் படுக்கை விரிப்பை மாற்றுவது.

உன் நர்ஸ் படிப்பின் மூன்றாம் வருஷம் நல்லபடியாக முடியட்டும். முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து அம்மாவை அங்கே கொண்டுபோய்விடுவோம். நானும் அதே ஊருக்கு வந்துவிடுவேன். நீ பகலில் வேலைக்குப் போனால் நான் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன். பாதிப் பாதி. ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

உன் தங்கை


ஜூன் 21

அன்புள்ள திருப்புளிக்கு,

இந்தப் பெயரை நான் மாற்றுவதாக இல்லை. ஐந்து வயதில் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, மறுபடி மாட்டி, மூன்று திருகாணியை மிச்சம் வைத்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

உன் கடிதம் கிடைத்தது. அறைத்தோழிகள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "உன் தங்கை தங்கம்" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

சொன்ன சொல் மாற மாட்டேன். மே மாதம் என் பயிற்சி முடிகிறது. ஜூனில் அம்மா என்னிடம், நீ உன் லிஃப்ட்டிடம். இதை எழுதிக் கொடுத்தது மாதிரியே வைத்துக்கொள்.

இப்போது கவனமாகப் படி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வை. இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை மூன்றையும் தினமும் பார். தோல் சிவந்திருந்தால் தேய்க்காதே, அழுத்தம் படாமல் தலையணை கொடு. சாப்பாடு ஊட்டும்போது தலையை உயர்த்தி வை. அவள் திட்டினால் வாங்கிக்கொள். நோயாளிகள் யார் மேல் நம்பிக்கை அதிகமோ அவர்களைத்தான் திட்டுவார்கள் என்று எங்களுக்குப் பாடமே இருக்கிறது.

எனக்கு லீவு கொடுப்பது சந்தேகம்தான். வார்டில் ஆள் பற்றாக்குறை. வர முயற்சி செய்கிறேன்.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நம்பிக்கை அதிகம் என்றால் அம்மாவுக்கு என் மேல் மலையளவு நம்பிக்கை. நேற்று கஞ்சிக் கிண்ணம் சுவரில் போய் உடைந்தது. வலது கை அபாரமாக வேலை செய்கிறது என்று டாக்டரிடம் சொல்லலாம்.

காரணம் கேட்டால் சிரிப்பாய். எதிர்த் தெருவில் ஆறு மாடிக் குடியிருப்பு இருக்கிறதே, அங்கே லிஃப்ட் நின்றுபோய்விட்டது. பழுதுபார்க்க வந்த மெக்கானிக்குக்கு டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று வாட்ச்மேன் சொன்னார், ஓடினேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், சத்தியமாக. மொட்டை மாடி மோட்டார் அறைக்குள் அரை மணி நேரம் நின்றேன். அந்த ஆள் என்னை மனுஷியாகவே மதிக்கவில்லை. "டார்ச், இந்தப் பக்கம்", "டார்ச், ஆடாத" என்று அதட்டினார். எனக்கு அது போதும். பிரேக் விடுபட்டு, லிஃப்ட்டின் கயிறு ஓடும் அந்தப் பெரிய சக்கரம் திரும்பியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, யாரிடமும் சொல்லாதே.

திரும்பி வந்தால் அம்மா விழித்திருந்தாள். விரிப்பு நனைந்திருந்தது. "எங்கடி போன?" என்றாள். சொன்னேன். அப்புறம்தான் கிண்ணம் பறந்தது. "பொம்பளப் பிள்ளை கயித்துல தொங்கப் போறாளாம். ஊர்ல சிரிக்கறதுக்கு வேற ஆளே இல்லையா?" என்று சாயங்காலம் வரைக்கும் ஓயவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பச் சாத்திக்கொண்டார்.

என்னோடு படித்த நெட்டைக்காரி பழத்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றுகிறாள். படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்பியிருந்தாள். பின்பக்கம் "உன் இடைவெளி ஆண்டு எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். என் திறன் நோட்டில் இருபத்தெட்டு வரி சேர்ந்துவிட்டது. எதையும் அவளுக்கு எழுத முடியாது.

நீ ஒரு தடவைகூட வரவில்லை அக்கா. குறையாகச் சொல்லவில்லை, வார்டு வேலை எனக்குத் தெரியாதா? ஒரு நாள் வந்தால் நான் எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குவேன், அவ்வளவுதான். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்ததுமே அம்மா என்னை மாடிக்குத் துணி காயப்போட அனுப்பிவிடுகிறாள். துணி இல்லாத நாளிலும் அனுப்புகிறாள். அப்படி என்னதான் பேசுகிறீர்கள் இரண்டு பேரும்? என்னைப் பற்றிப் புகார்தானே? கொஞ்சம் குறைத்துக் கேட்டுக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 17

அன்புள்ள திருப்புளிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தீவிர சிகிச்சை வார்டில் போட்டிருக்கிறார்கள். எனக்கே என் முகம் மறந்துவிட்டது.

அம்மாவும் நானும் என்ன பேசுவோம்? மருந்து, மாத்திரை, தூக்கம். நீ ஒன்றையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைக்கிறேன். இந்த லிஃப்ட்தான் வேண்டும் என்று எதற்காக ஒற்றைக்காலில் நிற்கிறாய்? நன்றாக யோசித்தாயா? கிரீஸ், கயிறு, உயரம், ஆம்பிளைகள் பதினொரு பேர். உன் வயதில் எல்லாமே பிடிக்கும். இத்துடன் சில தாள்கள் வைத்திருக்கிறேன். தபால் வழியில் கணக்கியல், வீட்டிலிருந்தே கணினி வரைபடம், ஆறு மாதத்தில் தையல் சான்றிதழ். அம்மா சீருடைக் கம்பெனியில் இருபது வருஷம் தைத்தவள், அவள் மெஷின் மூலையில் சும்மாதான் கிடக்கிறது. வீட்டை விட்டு நகராமலே படித்து முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். பார்த்து வை, பார்ப்பதில் என்ன நஷ்டம்?

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் படிவத்தை எனக்கே அனுப்பு, என் கையாலேயே கொடுக்கிறேன். நீ ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்து போவதென்றால் அன்றைக்கு அம்மாவை யார் பார்ப்பது?

குதிகாலில் சிவப்பு என்று அம்மா சொன்னாள். நான் சொன்னது நினைவிருக்கிறதா? தேய்க்காதே.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. ஒரு கவருக்குள் இன்னொரு கவர், அதற்கும் உள்ளே. பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா மூன்று தடவை படித்துப் பார்த்துச் சரி என்றார். கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். அந்த நேரம் பார்த்து அம்மா கத்திவிட்டாள்.

மூன்றாவது கவுன்ட்டர், காலை பத்திலிருந்து ஒன்று வரை. கொடுத்ததும் முத்திரை குத்தி ஒரு சீட்டுத் தருவார்கள். சீட்டு முக்கியம் அக்கா, வாங்காமல் வந்துவிடாதே. ஏப்ரல் முப்பது கடைசி நாள். அதுவரை தள்ளிப்போடாமல் முன்னாலேயே போய்விடு. நான் எதற்கு இவ்வளவு சொல்கிறேன், உனக்குத் தெரியாததா.

தையல் தாளையெல்லாம் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, அம்மாவின் மெஷினை நான் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன், அதோடு சரி. இந்தத் தடவை திருகாணி மிச்சமில்லை.

அந்த மெக்கானிக் மறுபடி வந்தார். பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கயா? நானூறு பேர்ல பன்னெண்டா?" என்றார். அப்புறம் என்னை டார்ச் என்று கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டார். அக்கா, இந்த ஒன்பது மாதத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

இரும்பு முனை வைத்த ஷூ ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா தூங்கும்போது போட்டுக்கொண்டு சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடந்து பார்க்கிறேன். பைத்தியம் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

இன்னும் எண்பது நாள்.

உன் தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள திருப்புளிக்கு,

நேற்றே பயிற்சி நிலையத்துக்குப் போய்விட்டு வந்தேன். படிவத்தைக் கொடுத்தாயிற்று. சீட்டு என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இனி நீ அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பரீட்சை நேரம். பெரிதாக எழுத முடியவில்லை.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். உன் போன் ஐந்து நாளாக அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. டூட்டியில் இருப்பாய்.

சேரச் சொல்லி உத்தரவு மே கடைசியில் வரும் என்றார்கள், வரவில்லை. இன்று வாத்தியாரம்மா வீட்டிலிருந்து பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தேன். என் படிவமே வரவில்லையாம். காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தவனுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டார்களாம். "எங்க அக்கா நேர்ல கொடுத்தாங்க" என்றேன். "பதிவேட்டுல இல்லம்மா" என்றார்கள். மறுபடி மறுபடி சொன்னேன். கடைசியில் ஓர் அம்மா போனை வாங்கினார். நல்லவர். "முத்திரை குத்துன சீட்டு இருக்கா? இருந்தா இருபதாம் தேதிக்குள்ள கொண்டு வந்து காட்டச் சொல்லு. தப்பு எங்களோடதுன்னா பதிமூணாவதா உன்னைச் சேத்துக்கறோம்" என்றார்.

அக்கா, சீட்டை எடுத்துக்கொண்டு போ. வேறு எதையும் பார்க்காதே, லீவு சொல்லிவிட்டுப் போ. மூன்றாவது கவுன்ட்டரில் இருந்தவன் எங்கேயோ தொலைத்திருக்கிறான். அவன் முகம் ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் அவனையே கேள். சண்டை போடவும் தயங்காதே, உனக்குச் சண்டை நன்றாக வரும்.

சீட்டு மட்டும் இல்லை என்றால் நீ அங்கே போனதற்கே சாட்சி இல்லாமல் போயிருக்கும். நல்லவேளை, பத்திரமாக வைத்திருக்கிறாய்.

அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. என் தலையைத் தடவி, "போனா போகுது விடு" என்றாள். அவ்வளவு அன்பாக அவள் பேசி வெகுநாளாயிற்று. எனக்கு அழுகை இன்னும் அதிகமாகத்தான் வந்தது.

பதினோரு நாள் இருக்கிறது. போய்விட்டு உடனே எழுது.

உன் தங்கை


ஜூன் 15

அன்புள்ள திருப்புளிக்கு,

சீட்டு இல்லை. யாரோடும் சண்டை போடவும் வேண்டாம். படிவத்தை நான் கொடுக்கவில்லை.

போனது உண்மை. ஏப்ரல் பத்தொன்பது, பதினொரு மணி. மூன்றாவது கவுன்ட்டர் முன்னால் ஐந்து பேர் நின்றார்கள், எல்லாரும் உன் வயது. ஒருத்தி அவள் அம்மாவோடு வந்திருந்தாள். அந்த அம்மா அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். என் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் "சொல்லுங்க" என்றார். "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கையைக் காட்டினார். அந்தப் பக்கமாகவே தெருவுக்கு வந்துவிட்டேன். படிவத்தை அன்றைக்கே வார்டுக் குப்பைக்கூடையில் கிழித்துப் போட்டேன்.

அம்மா கேட்டாள். உன்னை மாடிக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் கேட்டாள். "சின்னவ கை வலிக்காம திருப்புது. உன் கை எனக்கு ஒத்துக்காது. அவளை அனுப்பிடாத" என்று அழுதாள். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அவள் கேட்காமல் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

நீ பாதிப் பாதி என்றாய். எனக்குக் கால்வாசியும் வேண்டாம். நான் ஒரு நாளைக்குப் பதினோரு பேரைக் கழுவுகிறேன். பதினோரு பேருடைய மலம், பதினோரு பேருடைய முனகல். அறைக்கு வந்து கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். பன்னிரண்டாவதாக ஒருத்தி என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னைத் திட்டினால் நான் அவளை ஏதாவது செய்துவிடுவேன். அதுவும் பெற்றவள். மற்றவர்கள் சரியாகி வீட்டுக்குப் போவார்கள். இவள் போக மாட்டாள். இன்னும் இருபது வருஷம் இருப்பாள், இதயம் நன்றாக இருக்கிறது, நான்தான் ரிப்போர்ட் பார்த்தேன்.

உனக்கு அது கைவந்துவிட்டது. இதைப் பாராட்டாகவே சொல்கிறேன். ஒரு வருஷத்தில் அவளுக்கு ஒரு படுக்கைப் புண் இல்லை. எங்கள் வார்டில் அப்படி ஒருத்தரைக் காட்டு பார்ப்போம். யாருக்கு எது வருமோ அவர்கள் அதைச் செய்வதுதான் நியாயம்.

லிஃப்ட் உனக்காகக் காத்திருக்கவில்லை. யாரோ ஒரு பையன் போகிறான், ஊரில் லிஃப்ட் ஓடத்தான் போகிறது. நான் அனுப்பிய தாள்களில் தையலுக்கு இன்னும் சேரலாம், ஜூலை கடைசி வரை இடம் இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.

நீ என்னைத் திட்டி எழுதுவாய். எழுது, படிக்கிறேன். எனக்கு இங்கேயே நிரந்தர வேலை போட்டுவிட்டார்கள். முதல் தேதியிலிருந்து பெண்கள் வார்டு, பகல் டூட்டி. ஹாஸ்டலிலேயே இருந்துகொள்ளலாம், அங்கே உறவினர் தங்க அனுமதி கிடையாது.

அக்கா


ஜூலை 14
பெண்கள் வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சிலிருந்து

திட்டி எழுதுவேன் என்றாய். உன் கடிதம் வந்த அன்றைக்கு நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். என்ன இப்போ? லிஃப்ட் உனக்காக அழுதுச்சா? நான் அழுதேன்ல?" என்றாள். இடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்து, பவுடர் போட்டு, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பவுடர் டப்பாவை மூடக்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் எனக்கே என்னைக் கொஞ்சம் பிடித்திருக்கும்.

அந்த மெக்கானிக்கைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஒரு துறைமுகத்தில், எது என்று உனக்குச் சொல்ல மாட்டேன், கிரேன் பராமரிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், மூன்று வருஷப் பயிற்சி, தங்க இடமும் அவர்களே தருகிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எழுதிப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். நாளைக் காலையில் சேர வேண்டும். ஷூவைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா எனக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். கடைசிக் கட்டிலில் யாருக்கோ துணி மாற்றிக்கொண்டிருக்கிறாய். நீ மெலிந்திருக்கிறாய். கூப்பிடவில்லை.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. நீ அவளைத் திருப்பி அனுப்ப நினைத்தால் அங்கே வேறு ஆள் குடி வருகிறார். கீழே நோயாளிகளைப் பதிவு செய்யும் இடத்தில், உடன் இருப்பவர் என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். உறவு: மூத்த மகள். வேலை செய்யும் இடம்: இதே ஆஸ்பத்திரி. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ கவலையே இல்ல" என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நீ வரச் சொன்னதாகச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன். "அக்கா உன்னைத் தன்கூட வெச்சுக்கணுமாம். அவளால உன்னை விட்டுட்டு இருக்க முடியலையாம்" என்றேன். முதலில் நம்பவில்லை. "அவளா சொன்னா? அவ வாயால சொன்னாளா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். அப்புறம் நல்ல நாளுக்கென்று வைத்திருந்த நீலப் புடவையை எடுக்கச் சொன்னாள். தலையை இரண்டு தரம் வாரிவிட்டும் பிடிக்காமல், கலைத்து மறுபடி வாரச் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் வழி முழுக்க, "என் பெரியவ நர்ஸு, கூப்பிட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போதும் வெள்ளை உடுப்பு யார் இந்தப் பக்கம் நடந்தாலும் நிமிர்ந்து பார்க்கிறாள், நீ இல்லை என்றதும் சாய்ந்துகொள்கிறாள்.

இது கொடுமை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். அவள் நான் அழுவதைப் பார்த்துத் தலையைத் தடவினாளே, அன்றைக்கு அவளுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

மாத்திரைகள் அவள் காலடியில் உள்ள பையில் இருக்கின்றன. எது எப்போது என்று டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். வெந்நீர் கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். புரட்டும்போது முதலில் இடது கையை மார்பின் மேல் எடுத்து வை, இல்லையென்றால் அது அடியில் மாட்டிக்கொள்ளும், அவளுக்குத் தெரியாது. நனைந்துவிட்டால் "சின்னவளே" என்றுதான் கூப்பிடுவாள். பெரியவளே என்று கூப்பிட வாய் பழகவில்லை. நீ போ.

உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஏதாவது செய்துவிடுவேன் என்று. அதை அவளிடம் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டவில்லை. அந்தக் கடிதத்தைப் பையில் மாத்திரைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்வது உன் பாடு. அவளுக்கு வலது கை நன்றாக வேலை செய்கிறது, கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

இதை மடித்துக் கவரில் போட்டு ஒட்டி அவள் மடியில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். பஸ்ஸில் வழியெல்லாம் குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுத்தால் நடுவழியில் நனைந்துவிடுவாள். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நீ வந்ததும் முதலில் தண்ணீர் கொடு.